எம்பிரிக்கல் ஆய்வுக் கட்டுரையை இனங்காண்பதும் தேடிப் பிடிப்பதும்

“உங்கள் தலைப்பில் ஐந்து எம்பிரிக்கல் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து எழுதி வாருங்கள்” என்று நர்சிங், எம்.எட்., சமூகப்பணி, உளவியல் வகுப்புகளில் வேலை தருகிறார்கள். மாணவர்கள் பெரும்பாலும் ஆய்விதழில் வந்த எதையாவது ஐந்து எடுத்து வருகிறார்கள். அதில் ஒன்று தலையங்கமாக இருக்கும், இரண்டு பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்பவையாக இருக்கும். ஆய்விதழில் அச்சாவதெல்லாம் எம்பிரிக்கல் ஆய்வு ஆகாது. சக ஆய்வாளர்கள் மதிப்பிட்டு ஏற்ற கட்டுரைகளிலும் ஏராளமானவை இந்த வகையில் சேராது.

எம்பிரிக்கல் ஆய்வு என்றால், எழுதியவர்களே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, அளந்தோ கேட்டோ கவனித்தோ எண்ணியோ தரவு திரட்டி, அதை அலசி, கிடைத்ததைச் சொல்லியிருக்க வேண்டும். வேறொருவர் திரட்டிய தரவாக இருந்தாலும், அலசியது இவர்களாக இருந்தால் சேரும். 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றுத் தரவைத் தரவிறக்கி, ரத்தசோகைக்கும் தாயின் படிப்புக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்த கட்டுரை எம்பிரிக்கல் ஆய்வுதான். அந்தக் கணக்கெடுப்பின் அறிக்கையிலிருந்து நான்கு சதவீதங்களை எடுத்துப் போட்டுக் கருத்துச் சொல்லும் கட்டுரை அப்படி ஆகாது.

எந்தக் கட்டுரையை எடுத்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இதில் எண்ணப்பட்டது எது? மனிதர்கள், பள்ளிகள், கிராமங்கள், ரத்த மாதிரிகள், வகுப்பறைகள், நேர்காணல்கள், பாடப்புத்தகப் பக்கங்கள் என்று பதில் வந்தால் பெரும்பாலும் அது எம்பிரிக்கல் ஆய்வு. “23 ஆய்வுகள்” என்று வந்தால் அது தொகுப்பாய்வு. எண்ணியதாக ஒன்றுமே இல்லையென்றால் கருத்துக் கட்டுரை. இந்த ஒரு கேள்வி பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

எந்த வரிசையில் படிப்பது

முதல் பக்கத்திலிருந்து வரி வரியாகப் படித்தால் அரை மணி நேரம் போய்விடும். இனங்காண அது தேவையில்லை. தலைப்பு, சுருக்கம், ஆய்வுமுறைப் பகுதி, அட்டவணைகள் என்ற வரிசையில் போனால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

தலைப்பு கொஞ்சம் சொல்லும். முக்காற்புள்ளிக்குப் பிறகு “குறுக்குவெட்டு ஆய்வு”, “சமவாய்ப்புச் சோதனை”, “பண்புசார் ஆய்வு” என்று வடிவமே எழுதியிருக்கலாம். “இதன் தாக்கம்”, “இன்னதன் பரவல்”, “இதற்கும் அதற்கும் உள்ள தொடர்பு” போன்றவை நல்ல அறிகுறிகள். “மறுசிந்தனை”, “ஒரு சட்டகம்”, “சவால்களும் வாய்ப்புகளும்” என்றால் சந்தேகத்தோடு திறக்க வேண்டும். தலைப்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

சுருக்கத்தில் எண்ணிக்கை, இடம், கருவி, முடிவு நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். “மூன்று அரசுப் பள்ளிகளில் 240 மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து” என்ற மாதிரி ஒரு வாக்கியம் இருந்தால் போதும். “இக்கட்டுரை விவாதிக்கிறது”, “இக்கட்டுரை வாதிடுகிறது” என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் தரவு இருக்காது.

உறுதி செய்யும் இடம் ஆய்வுமுறைப் பகுதி. யாரிடம், எங்கே, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை, எப்படித் தேர்ந்தெடுத்து, எந்தக் கருவியால் என்ற ஐந்துக்கும் அங்கே விடை இருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி, பங்கேற்றவர்களின் ஒப்புதல் பற்றிய வரி இருந்தால் மனிதர்களிடம் தரவு எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். இந்தியாவில் நடந்த மருத்துவச் சோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேட்டின் எண் இருக்கும். 2007இல் தொடங்கிய பதிவேடு அது. 2009 ஜூனிலிருந்து சோதனையைப் பதிவதைக் கட்டாயமாக்கினார்கள். அந்த எண்ணைப் பதிவேட்டின் தளத்தில் போட்டால், ஆய்வு தொடங்கும்முன் எதை அளப்பதாகச் சொன்னார்கள் என்றும் தெரியும். கட்டுரையில் வேறெதையாவது முதன்மை முடிவாகக் காட்டியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அறிமுகம், ஆய்வுமுறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு தலைப்புகள் இருந்தால்தான் எம்பிரிக்கல் ஆய்வு என்று பல வழிகாட்டிகள் சொல்கின்றன. நல்ல அடையாளம்தான், ஆனால் விதி என்று பிடித்துக்கொள்ள வேண்டாம். பொருளியல் இதழ்களில் “தரவு”, “உத்தி” என்று வேறு பெயர்களில் வரும். மானிடவியல் கட்டுரையில் களப்பணி விவரம் முன்னுரைக்குள் கலந்திருக்கும். பழைய கட்டுரைகள் தங்களுக்கென்று ஒரு வடிவத்தில் இருக்கும்.

அதற்கு நம் ஊர் ஆய்வு ஒன்றே நல்ல எடுத்துக்காட்டு. காசநோயாளிகளைச் சானடோரியம் என்ற தனி மருத்துவ விடுதியில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதுமா என்று மெட்ராஸ் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் சோதித்துப் பார்த்தது. 1956இல் தொடங்கிய அந்த மையம்தான் இன்று சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். ஓய்வும் நல்ல சாப்பாடும் செவிலியர் கவனிப்பும் இருந்த சானடோரியப் பிரிவுக்கு நிகராக, நெரிசலான வீடுகளில் இருந்தவர்களும் தேறினார்கள். உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றிய ஆய்வு இது. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டின் 21ஆம் தொகுதியில், 51ஆம் பக்கம் முதல் 144ஆம் பக்கம்வரை வந்தது.

அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், “தென்னிந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு வீட்டுச் சிகிச்சையையும் சானடோரியச் சிகிச்சையையும் ஒரே காலத்தில் ஒப்பிடல்”. அந்த ஆங்கிலத் தலைப்பில் “எம்பிரிக்கல்” கிடையாது, “ஸ்டடி” கிடையாது, “ட்ரையல்” கிடையாது, “மெட்ராஸ்” என்ற ஊர்ப் பெயர்கூடக் கிடையாது. தேடுபெட்டியில் இந்தச் சொற்களைத் தலைப்புக்குள் மட்டும் தேடியவர் இதைத் தவறவிட்டிருப்பார். எண்ணப்பட்டது எது என்று கேட்டால் ஒரே பார்வையில் தெரியும்: நோயாளிகள், அவர்களின் சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே.

ஏமாற்றிவிடும் கட்டுரைகள்

அதிகம் ஏமாற்றுவது முறைசார் தொகுப்பாய்வு, அதாவது சிஸ்டமேட்டிக் ரிவ்யூ. அதிலும் ஆய்வுமுறைப் பகுதி இருக்கும், முடிவுகள் இருக்கும், அட்டவணைகளும் இருக்கும். பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸ் என்றால் புள்ளியியல் கணக்குகள்கூட இருக்கும். ஆனால் அவர்கள் திரட்டியது பிறருடைய ஆய்வுகளை. பிரித்தறிய ஒரு சுலபமான இடம் உண்டு. கட்டங்களும் அம்புகளும் கொண்ட படம் ஒன்று இரண்டு வகையிலும் வரும். மேல் கட்டத்தில் “தகுதி பார்க்கப்பட்டவர்கள்” என்று ஆட்களின் எண்ணிக்கை இருந்தால் அது கன்சார்ட் படம், சமவாய்ப்புச் சோதனைக்கு உரியது. “தரவுத்தளங்களில் கிடைத்த பதிவுகள்” என்று கட்டுரைகளின் எண்ணிக்கை இருந்தால் அது பிரிஸ்மா படம், தொகுப்பாய்வுக்கு உரியது. மெட்டா அனாலிசிஸை ஏற்கும் நெறியாளர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. வேலையைத் தொடங்கும்முன் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது ஆய்வுத் திட்டக் கட்டுரை. ஆங்கிலத்தில் புரோட்டோகால் என்பார்கள். ஆய்வுமுறை மிக விரிவாக இருக்கும். ஆனால் வினைச்சொற்கள் எல்லாம் எதிர்காலத்தில் இருக்கும்: “சேர்க்கப்படுவார்கள்”, “அளக்கப்படும்”. முடிவு இருக்காது. இதை மேற்கோள் காட்டி “இந்த ஆய்வு நிரூபித்தது” என்று எழுதியிருப்பதை ஆய்வேடுகளில் பார்க்க முடிகிறது.

எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. எண் இல்லை என்பதற்காகப் பண்புசார் ஆய்வுகளைத் தள்ளிவிடுகிறார்கள். பதினைந்து செவிலியர்களிடம் ஆழமான நேர்காணல் எடுத்து, பதிவை எழுத்தாக்கி, கருப்பொருள் பிரித்து எழுதியது முழுமையான எம்பிரிக்கல் ஆய்வு. அதில் புள்ளியியல் சோதனை தரும் பி மதிப்பைத் தேடக் கூடாது. எப்படி ஆட்களைத் தேர்ந்தார்கள், எத்தனை பேர் சேர்ந்து குறியிட்டார்கள், எப்போது நேர்காணலை நிறுத்த முடிவெடுத்தார்கள் என்று தேட வேண்டும்.

“கேஸ் ஸ்டடி” என்ற பெயர் துறைக்குத் துறை மாறும். சமூக அறிவியலில் ஒரு கிராமத்தையோ நிறுவனத்தையோ ஆழமாக ஆராய்ந்த எம்பிரிக்கல் ஆய்வைக் குறிக்கும். மேலாண்மை வகுப்பில் விவாதத்துக்காக எழுதிய பாடப்பொருளாக இருக்கலாம். மருத்துவத்தில் ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு. அதில் கவனிப்பு உண்டு என்றாலும், பயிற்சி வேலைகளில் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். அளவுகோல் ஒன்றைத் தமிழாக்கி அதன் நம்பகத்தன்மையைச் சோதித்த கட்டுரை சேரும். கணினிக்குள் மட்டும் ஓட்டிய மாதிரிக் கணக்கு எல்லைக்கோட்டில் நிற்கும், நெறியாளரைக் கேளுங்கள்.

ஒரே தலைப்பில் எல்லா வகையும் எப்படிக் கலந்து வரும் என்பதற்குக் குடற்புழு நீக்கம் பற்றிய விவாதத்தைப் பாருங்கள். மிகெல், கிரெமர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் கென்யாவின் புசியா பகுதியில் 75 பள்ளிகளில் குழந்தைகளுக்குப் புழு மருந்து கொடுத்து, பள்ளிக்கு வராமை கால் பங்கு குறைந்தது என்று 2004இல் எகனோமெட்ரிகா இதழில் எழுதினார்கள். இது எம்பிரிக்கல் ஆய்வு. 2015இல் வேறு ஆய்வாளர்கள் அதே தரவை வாங்கி மறுபடி அலசி, கொள்ளைநோயியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். பழைய தரவுதான், அலசியது புதியவர்கள், அதனால் இதுவும் எம்பிரிக்கல் ஆய்வு. மருத்துவத் தொகுப்பாய்வுகளை வெளியிடும் காக்ரேன் அமைப்பு பல நாட்டுச் சோதனைகளைச் சேர்த்து வெளியிட்டது தொகுப்பாய்வு. இந்த மோதலைப் பற்றிப் பொருளியலாளர்களும் மருத்துவர்களும் எழுதிய எத்தனையோ கட்டுரைகள் வெறும் கருத்துகள். “டீவார்மிங்” என்று தேடினால் நான்கும் ஒரே பட்டியலில் கலந்து வரும்.

தேடுவது

“எம்பிரிக்கல்” என்ற சொல்லைத் தேடுபெட்டியில் போடுவது பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. ஆய்வு செய்தவர்கள் தங்கள் கட்டுரையை அப்படி அழைப்பது குறைவு. கோட்பாட்டுக் கட்டுரைகள்தான் “எம்பிரிக்கல் சான்றுகள் தேவை” என்று அந்தச் சொல்லை அதிகம் பயன்படுத்தும். ஆய்வின் வடிவத்தைக் குறிக்கும் சொற்களைப் போட வேண்டும்: ரேண்டமைஸ்டு, கோஹார்ட், கிராஸ் செக்‌ஷனல், சர்வே, இன்டர்வியூ, ஃபோகஸ் குரூப், ரிக்ரெஷன், பார்ட்டிசிபன்ட்ஸ்.

காகிதத்தில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் யார், இரண்டாவதில் எது, மூன்றாவதில் ஆய்வு வடிவம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரே பொருளுள்ள ஆங்கிலச் சொற்களை எழுதி, அவற்றுக்கிடையே “ஆர்” போட்டு அடைப்புக்குறிக்குள் வையுங்கள். கட்டங்களுக்கிடையே “அண்ட்” போடுங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் இந்த இணைப்புச் சொற்களைப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். புழு மருந்துக்கு என்றால் இரண்டாவது கட்டத்தில் டீவார்மிங், அல்பெண்டசோல், ஹெல்மின்த் மூன்றும், வருகை பற்றித் தனியே இன்னொரு கட்டத்தில் ஸ்கூல் அட்டெண்டன்ஸ், ஆப்சென்டீயிசம் இரண்டும் வர வேண்டும். ஒரு சொல்லை மட்டும் போட்டால் மற்ற சொல்லைப் பயன்படுத்தியவர்களின் ஆய்வு முழுவதும் விட்டுப்போகும்.

ஊர்ப் பெயரில் தனிக் கவனம் வேண்டும். சென்னை 1996வரை மெட்ராஸ். செங்கல்பட்டில் நடந்த பெரிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனையைச் “சிங்கிள்புட்” என்ற எழுத்துக்கூட்டலில்தான் உலகம் அறியும், அதன் பதினைந்தாண்டுத் தொடர் ஆய்வு 1999இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தபோது தலைப்பில் “தென்னிந்தியா” என்றுதான் இருந்தது. இலங்கை பற்றி 1972க்கு முன் வந்ததைத் தேடினால் சிலோன் என்றும் போட வேண்டும். ஒரே ஆய்விலிருந்து இப்படிப் பல ஆண்டுகளில் பல கட்டுரைகள் வரும் என்பதையும் இங்கே கவனியுங்கள். அவற்றை ஐந்து தனி ஆய்வுகளாகக் கணக்கிட்டால் சான்று பெருத்துத் தெரியும்.

சொல்லின் வேரை அடித்து நட்சத்திரக் குறி போட்டால் அதன் எல்லா வடிவங்களும் வரும். பப்மெட்டில் நட்சத்திரத்துக்கு முன் குறைந்தது நான்கு எழுத்துகள் வேண்டும். ஒரு விலையும் உண்டு: நட்சத்திரமோ மேற்கோள் குறியோ போட்ட சொல்லுக்கு, பப்மெட் தானாக இணைச்சொற்களைச் சேர்த்துத் தேடும் வசதி நின்றுவிடும். அதனால் முதலில் குறிகள் இல்லாமல் ஒரு முறை தேடிப் பார்த்துவிட்டு, பிறகு இறுக்குவது நல்லது.

எந்தத் தளத்தில் எதை அழுத்துவது

பப்மெட் இலவசம். இடப்பக்கத்தில் கட்டுரை வகை என்ற வடிகட்டி இருக்கிறது. முதலில் தெரிவது சில வகைகள்தான். கூடுதல் வடிகட்டிகளைத் திறந்தால் அப்சர்வேஷனல் ஸ்டடி போன்றவையும் வரும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. கட்டுரைக்கு வகை ஒட்டுவது பிறகு நடக்கும் வேலை. புத்தம்புதிய கட்டுரைக்கு அந்த ஒட்டு இன்னும் விழாமல் இருக்கலாம். வடிகட்டியை அழுத்தினால் அது மறைந்துவிடும். மிக அண்மைக் கட்டுரைகளுக்கு வடிகட்டியை எடுத்துவிட்டு, வடிவச் சொற்களால் தேடுங்கள்.

கல்விக்கு எரிக். இதுவும் இலவசம், அமெரிக்கக் கல்வித் துறை நடத்துவது. வெளியீட்டு வகையில் “ரிப்போர்ட்ஸ் – ரிசர்ச்” என்பதைத் தேர்ந்தெடுங்கள். “டிஸ்கிரிப்டிவ்” என்பது திட்ட விளக்கமாக இருக்கும். பதிவு எண் இ.ஜே. என்று தொடங்கினால் ஆய்விதழ்க் கட்டுரை, இ.டி. என்று தொடங்கினால் அறிக்கை, மாநாட்டுத் தாள் போன்றவை.

உளவியலுக்கான சைக்இன்ஃபோவில் நாம் தேடும் சொல்லே வடிகட்டியாக இருக்கிறது: மெத்தடாலஜி பட்டியலில் “எம்பிரிக்கல் ஸ்டடி”. நூலகச் சந்தா வேண்டும். செவிலியர் துறைக்கான சினாலில் “ரிசர்ச் ஆர்ட்டிகிள்” என்ற பெட்டியை டிக் செய்யலாம், ஆனால் தொகுப்பாய்வுகளும் அதில் சேர்ந்து வரும். இந்தத் தளங்களில் உள்ள “பியர் ரிவ்யூட்”, அதாவது சக ஆய்வாளர்கள் மதிப்பிட்டது என்ற வடிகட்டி இதழைத்தான் பார்க்கிறது, கட்டுரையைப் பார்ப்பதில்லை. அதனால் நல்ல இதழின் தலையங்கமும் புத்தக மதிப்புரையும் அதைத் தாண்டி வந்துவிடும்.

கூகுள் ஸ்காலரில் ஆய்வு வகையைப் பிரிக்கும் வடிகட்டி கிடையாது, ரிவ்யூ கட்டுரைகளை மட்டும் காட்டும் வசதிதான் உண்டு. எத்தனை லட்சம் முடிவு என்று காட்டினாலும் முதல் ஆயிரத்தைத்தான் பார்க்க முடியும். நட்சத்திரக் குறி அங்கே வேரைப் பிடிக்காது. அதன் உண்மையான பலம் “சைட்டட் பை” என்ற இணைப்பு. நல்ல ஆய்வு ஒன்று கையில் கிடைத்தால் அந்த இணைப்பை அழுத்தி, மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் தேடும் பெட்டியை டிக் செய்து, “ரேண்டமைஸ்டு” என்றோ “இன்டர்வியூ” என்றோ தேடுங்கள். தொகுப்பாய்வு கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். அதில் சேர்த்த ஆய்வுகளின் பண்புகளைக் காட்டும் அட்டவணை, யாரோ மாதக்கணக்கில் உழைத்துச் சலித்துத் தந்த எம்பிரிக்கல் ஆய்வுப் பட்டியல். அதிலிருந்து பெயர்களை எடுத்து மூலக் கட்டுரைக்குப் போகலாம்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா, இலங்கை ஆய்விதழ்களுக்கு ஸ்ரீலங்கா ஜர்னல்ஸ் ஆன்லைன். ஆய்வேட்டில் ஆய்வுமுறை இயல் மிக விரிவாக இருக்கும், வினாத்தாளும் பின்னிணைப்பில் கிடைக்கும். ஆய்விதழ்க் கட்டுரை வேண்டும் என்று கேட்ட இடத்தில் மட்டும் அதைக் கொடுக்க வேண்டாம்.

எடுத்துக்கொள்ளும்முன்

தரவு இருக்கிறது என்பதாலேயே அது நம்பத்தக்கது ஆகிவிடாது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களில் வடிவம் மட்டும் ஆய்வுபோல இருக்கும். சதவீதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 பேரிடம் எடுத்த ஆய்வில் 33.7 சதவீதம் பேர் என்று வரவே முடியாது. 20 பேர் என்றால் 33.3, 21 பேர் என்றால் 35. பதில் சொல்லாதவர்களை விட்டிருந்தால் அதை எழுதியிருக்க வேண்டும். அட்டவணையின் கூட்டுத்தொகை மாதிரியின் அளவோடு ஒத்துப்போகிறதா, பக்கத்துக்குப் பக்கம் எண்ணிக்கை மாறுகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா என்றும் பாருங்கள். எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்துப் பேசிய, 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை லான்செட்டில் 1998இல் வந்து 2010இல்தான் திரும்பப் பெறப்பட்டது. பப்மெட் பதிவில் இந்த அறிவிப்பு மேலேயே தெரியும். தனியாகச் சேமித்து வைத்த பழைய பி.டி.எஃப். கோப்பில் தெரியாது.

சாட்பாட்டிடம் பட்டியல் கேட்டு வாங்கியிருந்தால் ஒவ்வொன்றையும் சரிபார்க்காமல் எழுதக் கூடாது. இருக்கும் இதழ், இருக்கும் ஆய்வாளர், இல்லாத கட்டுரை என்ற கலவை அதில் வருகிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரும் அடையாள எண்ணான டி.ஓ.ஐ.யைத் திறந்து, வரும் தலைப்பும் பட்டியலில் உள்ள தலைப்பும் ஒன்றா என்று பாருங்கள். எண் இல்லையென்றால் தலைப்பை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் அந்த இதழின் தளத்தில் குறிப்பிட்ட தொகுதியின் பொருளடக்கத்தைத் திறந்து பாருங்கள்.

முழுக் கட்டுரை

சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டக் கூடாது. ஆய்வின் குறைகள் சுருக்கத்தில் வருவதில்லை. பப்மெட் சென்ட்ரலில் முழுக் கட்டுரைகள் இலவசம். மேலே சொன்ன 1959ஆம் ஆண்டுக் காசநோய்க் கட்டுரையும் அங்கே ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. பிரவுசரில் அன்பேவால் நீட்டிப்பைச் சேர்த்துவிட்டால், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்கிருந்தாலும் பச்சைப் பூட்டுக் குறியில் காட்டும். அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ படிப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. உள்நுழையும் முறையை நூலகர் சொல்வார். முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகள் சேரவில்லை. அங்கே படிப்பவர்கள் கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்கு என்று குறித்திருக்கும் ஆய்வாளருக்கே மின்னஞ்சல் எழுதலாம். கட்டுரையின் முழுத் தலைப்பு, இதழ், ஆண்டு, எதற்காக வேண்டும் என்று நான்கு வரியில் கேட்டால் போதும். ஒரு வாரத்தில் பதில் வரவில்லையென்றால் கூட்டாசிரியர்களில் வேறொருவருக்கு எழுதிப் பாருங்கள்.